நீல வாளி நீங்கலாக

வாருங்கள், செருப்போடே ஏறலாம், மாடிதானே. நாலாவது படி கொஞ்சம் ஆடும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டும்போதே மேஸ்திரியிடம் தரம் சரியில்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஐந்தாவது படியை இன்னும் மோசமாகக் கட்டினார்.

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட அறிவிப்பைப் பார்த்துத்தானே வந்தீர்கள்? முப்பது குரோ பேக், மண்ணோடு, இலவசம், சரியாக ஒரு மணிக்கு வரவும். பங்குனி வெயிலில் மதியம் ஒரு மணிக்கு வரச் சொல்கிற மனுஷன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று வழியெல்லாம் யோசித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒன்றே முக்காலுக்கு நீங்களும் நானும் இந்த மாடியில் இருக்கக் கூடாது. அதற்குள் முடிந்தவரை கட்டி இறக்குவோம். மிச்சத்துக்கு நாளைக்கு வாருங்கள், இதே நேரத்துக்கு.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். பைகள், பச்சை வலை, தெளிப்பான், பூச்சி ஒட்டுகிற மஞ்சள் அட்டை, எல்லாம். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒரு நீல பெயின்ட் வாளி தெரிகிறதா? அது மட்டும் இங்கேயே இருக்கட்டும். தொடக்கூட வேண்டாம்.

நீங்கள் என்ன வளர்க்கப் போகிறீர்கள்? தக்காளியா? வாழ்த்துகள். வீட்டில் கேட்டுக்கொண்டீர்களா? அனுமதி கேட்டீர்களா என்று கேட்கவில்லை. தக்காளியைப் பற்றி அவர்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. அந்தச் சணலை எடுங்கள், இந்தப் பையின் கழுத்தில் கட்டுவோம்.

நான் வளர்த்தது மிளகாய். வளர்த்தது என்று சொல்வது பெரிய வார்த்தைதான். எனக்கு வயிற்றில் புண். ஏழு வருஷத்துக்கு முன்னால் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். எனக்குக் குறைப்பதில் நம்பிக்கை கிடையாது. நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் மிளகாய் வரக்கூடாது. தாளிக்கிற நெடி பட்டாலே எனக்கு இருமல் வரும், அதனால் தாளிப்பில்கூடக் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே காரத்தை விட்டோம் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் என்றால் என் மனைவி, முத்துராக்கு. ராக்கு என்று கூப்பிடுவேன்.

போன வருஷம் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது. கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் தரக்கட்டுப்பாடு எனக்கு. இருபத்தெட்டு வருஷம் அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினேன். வீட்டில் வந்து உட்கார்ந்த முதல் மாதம் சாம்பாரில் கண்டுபிடித்தேன், கோலத்தில் கண்டுபிடித்தேன். இரண்டாவது மாதம் ராக்கு, மாடி சும்மாதானே கிடக்கு, ஏதாவது போடுங்களேன் என்றாள். அன்பால் சொன்னாளா, கீழே இருந்து என்னை அப்புறப்படுத்தச் சொன்னாளா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இரண்டாவதாகத்தான் இருக்கும்.

மிளகாயை ஏன் எடுத்தேன்? அதையும் யோசித்திருக்கிறேன். தின்னத்தான் கூடாது, வளர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையே. அதுவும் சாதாரண மிளகாய் இல்லை. பேய் மிளகாய், காந்தாரி என்று விதை வரவழைத்தேன். ஒரு வாய் வைத்தால் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற ரகங்கள். தயிர்சாதம் சாப்பிடுகிறவனின் வீரம்.

வீட்டில் மிளகாயைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லையே என்று மாடித்தோட்டக் குழுவில் சேர்ந்தேன். என் மாமனார் முதுகுளத்தூர் பக்கம் நாலு ஏக்கரில் முப்பது வருஷம் மிளகாய் போட்டவர். ராக்கு கல்யாணம் ஆகும்வரை அந்தக் காட்டில்தான் களை வெட்டினாள், பழம் எடுத்தாள், களத்தில் காயவைத்தாள். அது வேறு விஷயம். நான் சொல்வது முறையாகத் தெரிந்தவர்களை. குழுவுக்குத் தலைவர் குணசீலன் என்று ஒருவர். உங்களுக்கும் தெரிந்திருக்கும். எதைக் கேட்டாலும் வேப்பெண்ணெய் அடிங்க சார் என்பார். இலை சுருண்டாலும் அதுதான், பூ உதிர்ந்தாலும் அதுதான். வீட்டில் கரண்ட் போய்விட்டது என்று ஒருநாள் குழு மாறிப் போட்டுவிட்டேன். அதற்கும் அதைத்தான் சொன்னார்.

சித்திரையில் விதை போட்டேன். ராக்கு கீழே துணி மடித்துக்கொண்டே, இப்பவா போடுறீங்க, எங்க ஊர்ல புரட்டாசிலதான் போடுவாக என்றாள். அது மானாவாரிக் காட்டுக்கு, இது நவீன முறை என்று விளக்கினேன். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். ஆனி வெயிலில் பூவெல்லாம் பொரி மாதிரிக் கொட்டியது. பச்சை வலை வாங்கிக் கட்டினேன். ஆடிக் காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்குப் போர்த்திவிட்டது. அவர்கள் வீட்டில் இரண்டு நாள் படம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரரோடு எனக்கு அன்றைக்குத்தான் முதல்தடவை பேச்சு நடந்தது. நல்ல பேச்சு இல்லை.

ஆவணியில் பூச்சி. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று குழுவில் படித்தேன். என் செடிகளில் பாதி மேலே, பாதி கீழே. பாரபட்சமே கிடையாது. வேப்பெண்ணெய் அடித்தேன். உச்சி வெயிலில் அடித்தேன். இலை வறுபட்டது, பூச்சி உயிரோடு இருந்தது. மோரில் பெருங்காயம் கலந்து தெளித்தேன், தெருவே ரசம் மணத்தது. மஞ்சள் அட்டையில் பூச்சி விழவில்லை, ஒரு பல்லி விழுந்தது. அதை எடுத்துவிட ஒரு மணிநேரம் ஆனது. அது நன்றிகூடச் சொல்லாமல் வாலை விட்டுவிட்டுப் போனது.

சுருண்டதைப் பிடுங்கிப் போட்டுருங்க, மத்ததுக்கும் ஒட்டிரும் என்றாள் ராக்கு. பிடுங்கவில்லை. கம்பெனியில் ஒரு நாளைக்கு நூறு உருப்படியை ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன். அதைச் செய்தவன் என் முன்னால்தான் நிற்பான், முகம் செத்துப்போகும், எனக்கு ஒன்றும் தோன்றாது. என் கையால் வைத்த செடி ஒன்றைக்கூட ஒதுக்க மனசு வரவில்லை. அப்படியானால் இருபத்தெட்டு வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இருங்கள், அந்த முடிச்சு நழுவுகிறது. இறுக்கிக் கட்டுங்கள்.

மிச்சம் இருந்ததைக் கார்த்திகைப் புயல் பார்த்துக்கொண்டது. மூன்று நாள் மழை. மழைக்குள் ஓடிவந்து எட்டுப் பைகளைக் கீழே இறக்கி ஹாலில் வைத்தேன். எட்டையும் நானே இறக்கியதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அடிப்பக்கத்தை ராக்கு பிடித்திருந்தாள். நாலாவது படியில் அவள்தான் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அந்த எட்டும் வேர் அழுகி ஹாலிலேயே செத்தன. அதன்பிறகு ஒரு மாதம் நான் மாடிக்கே வரவில்லை. குழுவிலும் பேசவில்லை. உங்களைக் காணோமே என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். தை பிறந்ததும் எல்லோருக்கும் ஒரு பொங்கல் வாழ்த்துப் படம் வந்தது, எனக்கும் வந்தது.

பொங்கலுக்கு டேங்க் கழுவ ஏறினேன். டேங்குக்குப் பின்னால், காற்று அடிக்காத அந்த மூலையில், நீல வாளியில் ஒரு செடி. இடுப்பு உயரம். குண்டு குண்டாக, கோலிக்காய் மாதிரிக் காய். பச்சையும் சிவப்புமாக நாற்பத்தாறு. இலையில் ஒரு சுருட்டல் கிடையாது. நான் தூக்கிப்போட்ட நாற்று ஒன்று தானாகவே பிழைத்துக்கொண்டது என்று தீர்மானித்தேன். என்னுடைய முறை இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எனக்கே தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டேன். வாளியின் அடியில் யாரோ அளவாக நாலு ஓட்டை போட்டிருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. தரக்கட்டுப்பாடு.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் கை தட்டினார்கள். இது என்ன ரகம் என்று கேட்டதற்குக் குணசீலன், செர்ரி மிளகாய் சார், அயல்நாட்டு வகை, நம்ம மண்ணில் வருவதே அபூர்வம் என்றார். மாசியில் கல்யாண மண்டபத்தில் கண்காட்சி, கட்டாயம் கொண்டுவாருங்கள் என்றார். ராக்குவிடம் ஓடிப்போய்ச் செர்ரி மிளகாய் என்றேன். படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்படியா என்றாள்.

கம்பெனிப் பழக்கத்தில் ஒவ்வொரு காய்க்கும் காம்பில் நூல் கட்டிச் சீட்டில் நம்பர் போட்டேன். ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரை. மறுநாள் எண்ணினால் நாற்பத்து நாலு. அடுத்த நாள் நாற்பத்திரண்டு. காயும் போனது, சீட்டும் போனது. எலி சீட்டையும் சேர்த்து எடுத்துப்போகுமா என்று குழுவில் கேட்டேன். சில எலிகள் எடுக்கும் சார் என்றார் குணசீலன். ஒட்டுப்பலகை வைத்தேன். என் செருப்பு ஒட்டியது. கொண்டைக்குருவியாக இருக்கலாம் என்று வலை போட்டேன். வலை அப்படியே இருந்தது, காய் குறைந்தது. கடைசியில் மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஐந்து நாள் ஒரு காய் குறையவில்லை.

ஆக எலி இல்லை, குருவி இல்லை, ஆள்தான் என்று நிரூபணம் ஆகிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆகவே எதிர்வீட்டுக்காரர் என்ற முடிவுக்கு வந்தேன். ஆன்டெனா பகை. சிரிக்காதீர்கள். அவர் கைப்பிடிச் சுவர் தாண்டி வருவதற்குப் பதினைந்தடித் தெரு நடுவில் இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறீர்களா? ஏணி வைத்து வருவார் என்று நினைத்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்கப் பூட்டை எடுத்துவிட்டேன். தினமும் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு எனக்கு ஒரு தூக்கம் உண்டு. அன்றைக்கு பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய், ராக்கு அடுப்படியில் இருக்கும்போது திரும்பிவந்து, அதோ அந்தப் படிக்கட்டு அறையில் பழைய கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வாளி தெரியும். இரண்டேகாலுக்குக் காலடிச் சத்தம் கேட்டது.

ராக்கு வந்தாள். கையில் தட்டு. அதோ இருக்கிறதே, அந்தக் காலி டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மோர் ஊற்றிப் பிசைந்த சோறு. கையை நீட்டி ஒரு காயைக் கிள்ளினாள். சீட்டைப் பிரித்து முந்தானையில் முடிந்தாள். சின்னக் குப்பியிலிருந்து கல்லுப்பு தொட்டு ஒரு கடி, ஒரு வாய் சோறு. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இருபத்தொன்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், அவள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்தது கிடையாது. எப்படிச் சாப்பிட்டும் பார்த்தது கிடையாது என்பதே சரி. நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அப்போது எனக்குத் தூக்க நேரம். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காரம்தான். ஏழு வருஷம் விட்டுப்போன நாக்கு இல்லையா?

எழுந்து போய் முன்னால் நின்றேன்.

"என்ன பண்ற?"

திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தேன். வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"சாப்பிடுறேன்."

"கீழே சாப்பாடு இல்லையா?"

"கீழ இருக்கது உங்க சாப்பாடு."

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"தாளிச்சா இருமுவீங்க" என்றாள்.

அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்வாளே, அந்தக் குரல். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சீட்டு ஒன்று குறையாமல் இருபத்தைந்தையும் என் கையில் கொடுத்தாள். வரிசைப்படி அடுக்கியிருந்தாள். நீங்க எண்ணுவீங்கன்னு தெரியும், அதான் தூக்கிப்போடலை என்றாள். உப்பு இருந்த குப்பியைப் பார்த்தேன். என்னுடைய வயிற்றுப்புண் மாத்திரைக் குப்பி.

அங்கேயே நான் திருந்தியிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். தின்றது போகட்டும், மிச்சம் இருபத்தொன்றையாவது கண்காட்சிக்கு விட்டுவை என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தப் பையைப் பிடியுங்கள்.

மறுநாள் மண்டபத்துக்கு இருபத்தொன்றையும் பறித்துக்கொண்டு போனேன். வெள்ளைத் துணி விரித்த மேசை. 'செர்ரி மிளகாய், அயல்நாட்டு ரகம். வளர்த்தவர்: செ. வில்லாயுதம்' என்று அட்டை. பக்கத்தில் நானும் அயல்நாட்டு ரகம் மாதிரி நின்றேன். நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். பிறகு மகளோடு வந்திருந்த ஒரு அம்மா ஒரு காயை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இது எங்க கமுதிப் பக்கத்து முண்டுல்ல? இதுக்கு எதுக்குப்பா இங்கிலீஷ் பேரு?" என்றார். முண்டுவிலேயே செர்ரி வகை ஒன்று இருக்கும்மா என்றார் குணசீலன், கொஞ்சமும் அசராமல். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

முண்டு மிளகாய். ராக்குவின் தம்பி வருஷாவருஷம் அறுவடை முடிந்ததும் ஒரு மஞ்சள் பை நிறைய வற்றல் கொண்டுவருவான். அவன் பஸ் ஏறிய மறுநாளே அந்தப் பையை நான் கம்பெனி கேன்டீனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். ஏழு வருஷம், ஏழு பை. கேன்டீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். ஏதோ ஒரு பையிலிருந்து ஒரு பிடியை அவள் எடுத்து வைத்திருக்கிறாள். புரட்டாசியில் விதைத்திருக்கிறாள். நான் முப்பது பைகளோடு மாரடித்துக்கொண்டிருக்கும்போது பத்தடி தள்ளி அது முளைத்து வளர்ந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ராக்கு மாடியில் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். செடியில் ஒன்றும் இல்லை.

"ஒண்ணு கூட விடலியா?" என்றாள்.

என் கையில் பங்கேற்புச் சான்றிதழ் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

என்ன கேட்கிறீர்கள்? நேரடியாகச் சொல்லலாமே என்றா? அன்று ராத்திரியே சொன்னேன், நாளையிலிருந்து உனக்குக் காரமாகத் தனியே வைத்துக்கொள், நான் இருமினால் இருமிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாங்க, பழகிருச்சு என்றாள். கடைக்குப் போய் அரைக்கிலோ பச்சை மிளகாய் வாங்கிவந்து அடுப்படியில் வைத்தேன். அழுகும்வரை அங்கேயே இருந்தது. அதன்பிறகு அவள் மாடி ஏறவில்லை. துணிகூடக் கொல்லைக் கொடியில்தான். இரண்டு மணிக்கு நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிப் படுத்துப் பார்த்தேன். நான் நிஜமாகத் தூங்கும்போது விடுகிற குறட்டைச் சத்தம் வேறு என்று அவளுக்குத் தெரியாதா? அடுப்படியை விட்டு நகரவில்லை.

சான்றிதழைக் கிழித்துப்போட்டேன் என்று சொல்ல ஆசைதான். பீரோவில் இருக்கிறது.

செடியை நான்தான் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்றால் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். தண்ணீர் வாரத்துக்கு இரண்டு தடவை, அதுவும் மண் காய்ந்தால். வேப்பெண்ணெய் கிடையாது. மறுபடி பூத்தது, காய்த்தது. சீட்டுக் கட்டவில்லை. அந்த டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். குப்பியில் உப்பை நிரப்பி வைத்தேன். பத்து நாளைக்கு முன்னால் அவளிடம், பழைய நண்பன் ஒருவன் பட்டறையில் கணக்குப் பார்க்கக் கூப்பிடுகிறான், தினமும் ஒன்றே முக்காலுக்குப் போய் மூன்றரைக்கு வருவேன் என்றேன். பட்டறை எதுவும் இல்லை. முனையில் டீக்கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறேன். டீ குடிக்கக் கூடாது, வயிறு. சூடாகப் பால் வாங்கி வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பேன். வீட்டில் சண்டையா சார் என்று கடைக்காரர் நாலாவது நாள் கேட்டார். இல்லை, சாப்பாட்டு நேரம் என்றேன்.

போதும், பதினோரு பை ஆயிற்று. மணி ஒன்று நாற்பது. இந்த ஐந்தை இப்போது உங்கள் வண்டியில் வைத்துவிடலாம். கயிறு தாங்கும். என்னை அந்த முனையில் இறக்கிவிட்டுப் போங்கள்.

செடியைப் பார்க்க வேண்டுமா? தூரத்திலிருந்தே பாருங்கள். எண்ணக் கூடாது என்று தீர்மானம் செய்திருக்கிறேன். நான் எண்ணுவதில்லை, சும்மா பார்ப்பேன். பார்ப்பது வேறு, எண்ணுவது வேறு. நேற்றுக் காலைவரை பத்தொன்பது இருந்தது. ஒன்பது நாளாகப் பத்தொன்பது. இன்று காலையில் பதினேழு.

சத்தமாகப் பேசிக்கொண்டே இறங்குங்கள், நாம் போவது அவளுக்குத் தெரிய வேண்டும். கதவா? பூட்ட வேண்டாம், பூட்டு இப்போது இல்லை. சாத்தினால் போதும்.